பாதி வசனம்

"குறுவை போடலாங்கிறீங்களா தம்பி?"

அவர் கேட்டது இவ்வளவுதான். நிலத்தின் சிட்டாவையும் அடங்கலையும் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக் கவுண்டர் வழியாக என் பக்கம் தள்ளிக்கொண்டே கேட்டார். 2023 ஜூன். மேட்டூர் அணை திறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

"வாக்கு குடுத்தவர் உண்மையுள்ளவருண்ணே. உங்களுக்குத்தான் தண்ணி வசனமே வந்திருக்கே!"

இது நான் சொன்னது. அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். மூன்று ஏக்கருக்குப் பயிர்க்கடன் எழுதினேன்.

வருடக் கடைசி இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் அவருக்கு வந்தது ஏசாயா 44:3. "தாகமுள்ளவன்மேல் தண்ணீரையும், வறண்ட நிலத்தின்மேல் ஆறுகளையும் ஊற்றுவேன்." திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் கைக்கு இந்த வசனம் வந்தால் என்ன ஆகும்? அன்று ராத்திரியே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

நான் சொன்னது பொய்யா? அன்றைய நிலவரத்தில் இல்லை. வழக்கமான ஜூன் 12-ஆம் தேதியே அணை திறந்தாயிற்று. நீர்மட்டம் நூறு அடிக்கு மேல். அரசின் குறுவைத் தொகுப்பில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி, அரை மூட்டை பொட்டாஷ் இலவசம். மாவட்டமே நாற்று விட்டுக்கொண்டிருந்தது. சங்கத்து எழுத்தன் ஒருவன் மட்டும் வேண்டாமென்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் சொன்னேனே. அன்று காலையில் அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேரிடம், "கடைமடைக்காரங்க அவசரப்படாதீங்க. கர்நாடகாவுல மழை எப்படின்னு பார்த்துட்டு நேரா அடுத்த போகம் சம்பாவுக்குப் போயிடுங்க" என்றேன். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும் ஊர் எங்களுடையது. ஆறு கைவிட்டால் வேறு வழி கிடையாது. இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா? அந்த இரண்டு பேரும் எங்கள் சபைக்காரர்கள் இல்லை. அவர்களுக்குச் சங்கத்துப் பதில் கிடைத்தது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு வசனம் கிடைத்தது. அந்த மாதம் கடன் கொடுக்க வேண்டிய இலக்கு எனக்கு பாக்கி இருந்ததையும் மறைக்கவில்லை. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேனா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பரில் வயல் பாளம் பாளமாக வெடித்தது. அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூரை மூடினார்கள். கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. மூன்று ஏக்கருக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அட்டைகளை டைப் செய்தவன் நான்தான். சபைக் கமிட்டியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன். அட்டையில் நான்கு வரிதான் பிடிக்கும். ஏசாயா 44:3 அதோடு முடிவதில்லை. "உன் சந்ததியின்மேல் என் ஆவியையும், உன் சந்தானத்தின்மேல் என் ஆசீர்வாதத்தையும் ஊற்றுவேன்" என்று போகிறது. முதல் பாதியில் சொன்ன தண்ணீர் என்னவென்று இரண்டாம் பாதிதான் சொல்கிறது. இடம் போதாமல் அதை வெட்டிவிட்டேன். ஆக, அவர் பையில் வைத்திருந்தது கர்த்தர் சொன்னதில் பாதி. மீதி என் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் கர்த்தர் வாக்குத் தவறவில்லை, நான்தான் தவறாக வாசித்துக் காட்டினேன் என்று முடித்துவிடலாம். அப்படிச் சொல்லித்தான் பல ராத்திரி தூங்கியிருக்கிறேன். ஆனால் இது கொஞ்சம் வசதியான பதில் என்றும் படுகிறது. தண்ணீர் வந்திருந்தால் அடுத்த ஞாயிறே இதே பாதி வசனத்தைச் சாட்சியாகச் சொல்லியிருப்போம்; சந்ததியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டோம். வந்தால் சாட்சி, வராவிட்டால் விளக்கம்.

ஆபிரகாமை நினைத்துக்கொள்வேன். கானான் தேசம் முழுவதும் தருவேன் என்று வாக்கு. 75 வயதில் புறப்பட்டவர், ஈசாக்கு பிறக்கும்போது 100. அவர் காசு கொடுத்து வாங்கியதாக ஆதியாகமம் சொல்லும் நிலம் மக்பேலா ஒன்றுதான். அதுவும் சாராளைப் புதைக்க, 400 சேக்கல் வெள்ளிக்கு. அடங்கல் எடுத்தால் அவர் பெயரில் அந்த ஒரு நிலம்தான் வந்திருக்கும். வாக்குத்தத்தத்தை அடையாமல், தூரத்திலே கண்டு, நம்பி மரித்தார்கள் என்று எபிரெயர் 11 சொல்கிறது. தூரத்தில் கண்டது போதும் என்று அவருக்கு இருந்திருக்கலாம். தவணைத் தேதி வைத்துக் கடன் கொடுக்கிறவன் அதை இன்னொருவரிடம் சொல்லலாமா?

கடனை அவர் தவணைக்குள் கட்டினார். தேதி தாண்டினால் வட்டி விழும். எப்படிக் கட்டினார்? அவர் வீட்டு அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்தார். எங்கள் சங்கத்திலேயே நகைக்கடன் போட்டு, அந்தப் பணத்தை அதே கவுண்டரில் பயிர்க்கடனுக்கு வரவு வைத்தோம். என் பேரேட்டில் நிலுவை இல்லை.

ரசீதை வாங்கிக்கொண்டு நகர்ந்தவர், நின்று, கோபமே இல்லாமல் கேட்டார்:

"அன்னிக்கு நீங்க சொன்னது வசனமா தம்பி, இல்ல சங்கத்து வார்த்தையா?"

பின்னால் வரிசை நின்றது. "வசனம்தாண்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்று போய்விட்டார்.

எது சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். 2024-இல் மேட்டூர் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தது. அந்த வருடம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சம்பாவுக்கு மட்டும் விண்ணப்பம் கொடுத்தார்.

அந்த டிசம்பரில் அட்டைகளை முழு வசனத்தோடு அடித்தேன். எழுத்து பொடிசாகிவிட்டது. கமிட்டியில் முணுமுணுத்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர் தன் அட்டையை என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. படிங்க தம்பி."

படித்தேன், கடைசி வார்த்தை வரைக்கும்.

"இதுல தண்ணி கிண்ணி ஒண்ணும் இல்லியே?"

"இல்லண்ணே."

"ம்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.