‘காவலில்’ என்றொரு நாளிதழ்

மார்ச் 2

இஸ்ரேலின் தேசிய நூலகம் பழைய எபிரேய நாளிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. இன்று ‘அல் ஹமிஷ்மார்’ பக்கங்களைத் திறந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன், ஒரு தலைப்பைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகிறது.

பெயருக்குப் பொருள் ‘காவலில்’. இதைத் தொடங்கிய இடதுசாரி இயக்கம் ஹஷோமேர் ஹட்ஸாயிர், அதாவது ‘இளம் காவலர்’. இரண்டு பெயருக்கும் வேர்ச்சொல் ஒன்றே. முதல் இதழ் 1943 ஜூலையில், வெறும் ‘மிஷ்மார்’ என்ற பெயரில் வந்தது. வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவில் எழுந்த ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மொர்டெகாய் அனிலேவிச் இதே இயக்கத்துப் பிள்ளை. அவர் இறந்தது அந்த ஆண்டு மே மாதம். காவல் என்ற சொல் அன்றைக்கு அவர்களுக்கு எவ்வளவு கனத்திருக்கும்!

மார்ச் 3

1948 ஜனவரியில் மபாம் கட்சி, அதாவது ஐக்கியத் தொழிலாளர் கட்சி, பிறக்கிறது. பத்திரிகை அதன் குரலாகி ‘அல் ஹமிஷ்மார்’ என்று பெயரையும் மாற்றிக்கொள்கிறது. பெயருக்குக் கீழே மூன்று இலட்சியங்கள்: சியோனிசம் (யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற கொள்கை), சோஷலிசம், மக்களினங்களின் சகோதரத்துவம். முதல் ஆசிரியர் மொர்டெகாய் பென்டோவ், அந்த மே மாதம் இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1949 நாடாளுமன்றத் தேர்தலில் மபாமுக்கு 19 இடங்கள், நாட்டிலேயே இரண்டாவது பெரிய கட்சி.

மார்ச் 6

இன்று படித்தது மனதை விட்டுப் போகவே இல்லை.

மபாமின் முக்கியஸ்தர் மொர்டெகாய் ஓரென் கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் கைதாகிறார். 1952 நவம்பரில் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் ஸ்லான்ஸ்கி மீதான ஜோடனை வழக்கில் அவரைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். குற்றம் சாட்டப்பட்ட பதினான்கு பேரில் பதினோரு பேர் யூதர்கள். அப்புறம் ஓரெனுக்கே 15 ஆண்டு சிறை. அவர் நிரபராதி என்று கட்சி உறுதியாகச் சொன்னது. ஆனால் சோவியத் மீது வைத்த நம்பிக்கையை விடவில்லை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபோது அல் ஹமிஷ்மார் துக்கம் கொண்டாடியது. தங்கள் தோழர் அந்த சோவியத் அணி நாட்டின் சிறையில் கிடக்கும்போதே!

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் ஹிட்லரை முறியடித்த படை என்றுதானே அவர்கள் செம்படையைப் பார்த்தார்கள். உறவினர்களை ஹிட்லரிடம் பறிகொடுத்த வாசகர்கள். அது புரிகிறது. இருந்தாலும் ஒரு பத்திரிகை, சந்தேகத்தை முதலில் தன் வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கட்சி முடிவெடுக்கட்டும் என்று காத்திருந்தது தவறு.

மார்ச் 7

1954-இல் கட்சி உடைந்தது. பிரிந்து போனவர்கள் உடனே ‘லமெர்ஹவ்’ என்று தங்களுக்கென ஒரு நாளிதழ் தொடங்கினார்கள். அங்கே கட்சி என்றால் பத்திரிகை இருந்தே ஆக வேண்டும் போலும்.

மார்ச் 11

1988 தேர்தலில் தனித்து நின்ற மபாமுக்கு 3 இடங்கள். பத்திரிகையின் முதுகெலும்பாக இருந்த கிபுட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளும் அந்தப் பத்தாண்டில் கடனில் மூழ்கின. 1995-இல் அல் ஹமிஷ்மார் நின்றது, அடுத்த ஆண்டே தொழிற்சங்க நாளிதழ் ‘தவார்’ நின்றது.

சரி, கடைசி இதழை அப்புறம் பார்க்கலாம். நாளை 1956-க்குத் திரும்புகிறேன். ஓரென் விடுதலையான ஆண்டு அது. அந்தச் செய்தியை எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாகப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.