தேசிக் கன்றுக்கு இறுங்கு வேர்: வளவிலேயே மைக்கோரைசா பெருக்கிப் பார்த்த அனுபவம்

விசுவமடுவில் எங்கள் வளவில் தேசியும் பப்பாசியும் நிற்கின்றன. சொந்தமாகக் கன்று போடுவதில் எனக்கு எப்போதும் விருப்பம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ரி.எஸ்.பி. என்னும் பொசுபரசுப் பசளை தேடி அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. வேரோடு சேர்ந்து வாழ்ந்து மண்ணிலிருக்கும் பொசுபரசை எடுத்துக் கொடுக்கும் மைக்கோரைசா என்ற பங்கசுகளைப் பற்றி அப்போதுதான் ஆழமாகப் படித்தேன். அந்த வருடக் கடைசியிலேயே தடையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இதைச் செய்து பார்க்காமல் விடக்கூடாது என்று மனதில் நின்றுவிட்டது.

பொசுபரசு மண்ணுக்குள் மிக மெதுவாகத்தான் நகரும். வேரைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் வெறுமையாகிவிடும். மைக்கோரைசாவின் இழைகள் வேரைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவை வேருக்குள்ளேயும் இருக்கும். வெளியே பல சென்ரிமீற்றர் தூரமும் போகும். அங்கிருந்து கொண்டுவரும் பொசுபரசுக்குக் கூலியாக மரம் சீனியைக் கொடுக்கிறது. தேசி, தோடை இனங்களுக்கு வேர்மயிர் குறைவு. அதனால் அவை இந்தப் பங்கசை நம்பி வாழும் மரங்கள். அமெரிக்காவில் தோடை நாற்றுமேடை மண்ணுக்குப் புகையூட்டி நோய்க்கிருமிகளை அழித்தபோது, கன்றுகள் செழிப்பதற்குப் பதிலாகக் குட்டையாய் நின்றன. நல்ல பங்கசும் சேர்ந்து அழிந்ததுதான் காரணம் என்பது 1970களின் தொடக்கத்தில் தெளிவானது. இதைப் படித்த பிறகுதான் தேசியில் தொடங்குவோம் என்று முடிவெடுத்தேன்.

பங்குனி

இந்தப் பங்கசைச் சோற்றிலோ மாவிலோ வளர்க்க முடியாது. உயிருள்ள வேர் வேண்டும். அதனால் முதல் வேலை, பங்கசு இருக்கும் மண்ணை எடுத்து அதில் ஒரு புல்லினத்தை வளர்ப்பது.

எங்கள் காணியின் வேலியோரத்தில் ஒரு பழைய இலுப்பை நிற்கிறது. அதன் அடியை யாரும் உழுததும் இல்லை, மருந்து அடித்ததும் இல்லை. மேல் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழம் வரை மெல்லிய வேர்களோடு மண் எடுத்தேன். காட்டுக்குள் போகவில்லை. வனத்திணைக்கள எல்லைக்குள் மண் தோண்டக் கூடாது. தவிர, கண்ணிவெடி அகற்றி முடியாத துண்டுகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. இதைச் செய்ய நினைப்பவர்கள் தங்கள் காணி ஓரத்திலேயே பாருங்கள், போதும்.

மண்ணோடு சம அளவு ஆற்றுமணல் கலந்து, அடியில் ஓட்டை போட்ட பெரிய வாளிகளில் நிரப்பி, இறுங்கும் கௌபியும் விதைத்தேன். இறுங்கு வேர் அடர்த்தியாக ஓடும், பங்கசும் அதில் நன்றாகப் பெருகும். கோவா, முள்ளங்கி குடும்பம் இதற்கு உதவாது; அவற்றின் வேர் இந்தப் பங்கசோடு சேராது. பொசுபரசுப் பசளை எதுவும் போடவில்லை.

பக்கத்து வளவு அப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, வாளியிலை இறுங்கு? மாட்டுக்கோ?”

“இல்லை அப்பு, வேருக்குத்தான்.”

“வேருக்கோ! எங்கடை ஐயா மாங்கன்று நடேக்கை தாய்மரத்தடி மண் ஒரு பிடி குழிக்குள்ளை போடுவார். ஏனெண்டு நான் கேட்டதில்லை.”

இதைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த ஒரு பிடி மண்ணில் மைக்கோரைசா இருந்திருக்கும் என்று அப்புவிடம் சொன்னேன்.

ஆடி

இறுங்கு கதிர் தள்ளிய பிறகு தண்ணீரை நிறுத்தினேன். செடி காயத் தொடங்கும்போது பங்கசு வித்திகளை நிறைய உண்டாக்கும். சோளகமும் சேர்ந்து அடித்ததால் வாளிகள் சீக்கிரம் காய்ந்தன. தண்டை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேர்க்கட்டியைக் கொட்டினேன்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. நல்ல பங்கசோடு கெட்டதும் பெருகியிருக்கலாம். முக்கியமாக வேர்முடிச்சு வட்டப்புழு. கௌபி விதைத்ததற்கு இதுவும் ஒரு காரணம், அதன் வேரில் அந்தப் புழு இருந்தால் தெரிந்துவிடும். கௌபி வேரில் இயல்பாகவே நைதரசன் முடிச்சுகள் இருக்கும். அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் கழன்றுவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. வட்டப்புழு முடிச்சு அப்படியல்ல. வேரே வீங்கியிருக்கும், கழற்ற முடியாது. ஒரு வாளியில் அப்படி வீங்கிய வேர் தெரிந்தது. அதை முழுதாக ஒதுக்கிவிட்டேன். மற்ற வாளிகளின் வேர்களைச் சிறிதாக நறுக்கி, அதே மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்தினேன்.

உள்ளே பங்கசு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஆசை. அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ஆசிரியரின் அனுமதியோடு பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்த்தோம். வேரைக் கழுவி, 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கி நிறம் போக்கி, பிறகு கறுப்பு மை 5 வீதம் கலந்த வினாகிரியில் கொதிக்க வைக்க வேண்டும். முதல் கரைசல் தோலை அரிக்கும், அதனால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆசிரியர் பக்கத்தில் நின்றே செய்வித்தார்.

“சித்தி, இஞ்ச வந்து பாருங்கோ! முட்டை மாதிரிக் கிடக்கு!”

நுணுக்குக்காட்டிக்குள் மங்கலான வேர். அதற்குள் கருநீல இழைகள். இடையிடையே முட்டை வடிவப் பைகள். அவை பங்கசு கொழுப்பைச் சேமித்து வைக்கும் பைகள். எங்கள் இலுப்பையடியில் இருந்தது எங்கள் வாளிக்குள் பெருகியிருக்கிறது! இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த நேரம் இதுதான்.

ஆவணி

கன்று போடும் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் மூடி முதலிலேயே வெயிலில் விட்டிருந்தேன். அதில் எப்பாவெல பாறைப் பொசுபேற்றுத் தூள் கொஞ்சம் கலந்தேன். அது மெதுவாகக் கரைவது, நீண்டகாலப் பயிருக்கு ஏற்றது. தேசி விதை போடும் பைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். ஒன்றுக்கு வேர்க்கலவை. இன்னொன்றுக்கு அதே கலவை, ஆனால் நன்றாக ஆவியில் அவித்தது. பங்கசு செத்திருக்கும், சத்து மட்டும் இருக்கும். மூன்றாவதற்கும் உயிருள்ள கலவைதான், கூடவே வழக்கமான அளவு ரி.எஸ்.பி. விதைக்குக் கீழே, முளைவேர் தொடும் இடத்தில் கலவையை வைப்பதுதான் முக்கியம். மேலே தூவினால் பயன் குறைவு.

ரெட் லேடி இனப் பப்பாசியையும் இதே மாதிரிப் பிரித்துப் போட்டேன்.

தை

பப்பாசியை ஐப்பசி மழையோடு மேடுகட்டி நட்டாயிற்று. பையில் இருந்தபோது உயிர்க்கலவைக் கன்றுகள் தடிப்பாக இருந்தன. நிலத்தில் நட்ட பிறகு அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. நிலத்திலேயே பங்கசு இருப்பதால் எல்லா வேர்களும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பப்பாசிக்கு நான் நம்புவது வேறொன்றை, ட்ரைக்கோடேர்மா. அது வேரோடு குடும்பம் நடத்தும் பங்கசு அல்ல, அழுகல் பங்கசுகளைத் தாக்கி அடக்குவது. 100 கிலோ மக்கிய எருவுக்கு 1 கிலோ தூள் கலந்து, ஈரமாக நிழலில் மூடிவைத்து, சில நாளுக்கொருமுறை பிரட்டி, இரண்டு கிழமைக்குப் பிறகு மரத்தடியில் போட வேண்டும். அதோடு பங்கசுகொல்லி ஊற்றக் கூடாது. ஆனால் மாரியில் அடியில் தண்ணீர் தேங்கினால் இதுவும் காப்பாற்றாது, வடிகால்தான் முதல் மருந்து. இலைச்சுருள், வளையப்புள்ளி போன்ற வைரசு நோய்களுக்கும் இதனால் பலனில்லை.

தேசியில்தான் ஆச்சரியம். அவித்த கலவைக் கன்றுகள் வெளிறி, விரலளவில் நிற்கின்றன. உயிர்க்கலவைக் கன்றுகள் ஒரு சாணைத் தாண்டி, கரும்பச்சை இலையோடு நிற்கின்றன. ரி.எஸ்.பி. போட்டவையும் அதே உயரந்தான். ஆனால் அவற்றின் வேரைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் பங்கசு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. பொசுபரசு தாராளமாகக் கிடைத்தால் மரம் பங்கசுக்குச் சீனி கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கோடையில் கிணறு இறங்கும்போது பங்கசின் துணை தேவைப்படும். அதனால் இனி என் தேசிப் பைகளுக்கு ரி.எஸ்.பி. கிடையாது.

அடுத்த வேலை

தேசிக் கன்றுகள் வரும் ஐப்பசி மழைக்கு நிலத்துக்குப் போகும். அதுவரை பைகளைக் கடுமையாகக் காயவிடாமல் பார்க்க வேண்டும். நடும் வரிசைகளுக்கு இடையில் கௌபி போட்டு, ஆழமாகக் கொத்தாமல் விடப்போகிறேன். கொத்தினால் இழைகள் அறுந்துவிடும். வெறுநிலமாகக் கிடந்தாலும் பங்கசு குறையும். மீதிக் கலவை ஈரமில்லாத சாக்கில் நிழலில் இருக்கிறது. அதில் ஒரு பங்கை அப்பு தன் மாதுளைத் தண்டுகளுக்குக் கேட்டிருக்கிறார். பாதித் தண்டுக்கு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன், வித்தியாசம் தெரியவேண்டும் அல்லவா? இறுங்கு அடுத்த தொகுதி வாளிகளில் முளைத்துவிட்டது.