மாமாவின் நோட்டும் மூன்று சாம்பியன்களும்

ஜனவரி 7, 2020, செவ்வாய்

இன்று எட்டு மணிக்கு முன்பே சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டோம். ஜெப்பர்டி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவின் பெரிய சாம்பியன்கள் கென் ஜென்னிங்ஸ், ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர், பிராட் ரட்டர், மூவரும் ஒரே மேடையில். ஒரு இரவுக்கு இரண்டு ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி யார் அதிகமோ அவருக்கு அந்த இரவு. முதலில் மூன்று இரவுகளை வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலரும், ஜெப்பர்டியிலேயே பெரிய ஆள் என்ற பட்டமும்.

மாமா கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த முதல் வாரமே, நிகழ்ச்சியை நடத்தும் அலெக்ஸ் ட்ரெபெக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பெரியவர் பதிலைப் படிக்கிறார், இவங்க கேள்வியைச் சொல்றாங்க. இது என்ன தலைகீழா இருக்கு?" 1950களில் அமெரிக்காவில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் சிலருக்கு முன்கூட்டியே விடைகளைச் சொல்லிக்கொடுத்தது அம்பலமாகி, பெரிய ரகளை ஆனது. அப்புறம் மெர்வ் கிரிஃபின் புது நிகழ்ச்சி ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது, "விடையையே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேளுங்களேன்" என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஜூலான். 1964இல் அப்படித்தான் ஆரம்பித்தது. இதைச் சொன்னதும் மாமாவுக்கு நிகழ்ச்சியே பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு தினமும் கணக்கு எழுதுகிறார்.

இன்றைய கணக்கு: கென் 63,400. ஜேம்ஸ் 63,200. பிராட் 10,400.

இருநூறு புள்ளி வித்தியாசம்! கேள்விப் பலகையில் மேல்வரிசையிலிருந்து கீழே போகப் போகத் தொகை கூடும்; இருப்பதிலேயே சின்னக் கேள்விக்குத்தான் இருநூறு. ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, யாரும் சீந்தாத அந்த மேல்வரிசைக் கேள்வி ஒன்றின் அளவில் ஜெயிப்பதும் தோற்பதும் முடிந்திருக்கிறது. மாமா இரண்டு முறை கழித்துப் பார்த்தார்.

ஜனவரி 8, புதன்

ஜேம்ஸ் 82,414. கென் 57,400. பிராட் 14,400.

மாமா முழுக்க ஜேம்ஸ் பக்கம். லாஸ் வேகஸில் விளையாட்டுப் பந்தயம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர் என்று தெரிந்தபிறகும் மதிப்பு குறையவில்லை. "அவனுக்குப் பணம்னா என்னன்னு தெரியும்மா" என்கிறார். மற்றவர்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும்போது, ஜேம்ஸ் அடிவரிசையில் ஆரம்பிப்பார். பெரிய தொகைகளை முதலிலேயே சேர்த்துக்கொண்டு, கையில் இருப்பதைப் பந்தயம் கட்ட விடும் டெய்லி டபுள் கேள்வி கிடைத்ததும் இரண்டு கைகளாலும் எல்லாவற்றையும் முன்னால் தள்ளுவதுபோலக் காட்டி மொத்தத்தையும் கட்டுவார். போன ஏப்ரலில் ஒரே நாளில் 1,31,127 டாலர் எடுத்தது இப்படித்தான். 32 ஆட்டம் ஜெயித்து, கென்னின் பழைய சாதனைக்கு 58,484 டாலர் குறைவாக நின்றுவிட்டார். அவரைத் தோற்கடித்த எம்மா போட்சர் ஒரு நூலகர். ஜெப்பர்டி கேள்விகள் எவ்வளவு கடினம் என்பதையே முதுகலை ஆய்வாகச் செய்தவர்!

மகளுக்கு ஜேம்ஸைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. போட்டிக்காக அவர் நூலகத்தின் குழந்தைகள் பகுதிப் புத்தகங்களைப் படித்தாராம், படங்களோடு எளிதாகப் புரியும் என்று. நாளைக்கு நூலகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறாள்.

நான் கென் கட்சி. 2004இல் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். வேலைக்கான விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது, பேச ஆள் கிடையாது. மாலை ஏழு மணிக்கு அந்த மனிதர் வருவார், ஜெயிப்பார். மறுநாளும் வருவார். ஜூன் முதல் நவம்பர் வரை 74 ஆட்டம், 25,20,700 டாலர். இந்த நாட்டின் ஆறுகளையும் ஜனாதிபதிகளையும் அவர் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். நவம்பர் 30 அன்று, எழுபதாயிரம் தற்காலிக ஊழியர்களில் பெரும்பாலோர் வருடத்தில் நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் நிறுவனம் எது என்ற கடைசிக் கேள்விக்கு ஃபெடெக்ஸ் என்று எழுதினார். விடை, வரிக்கணக்கு போட்டுத்தரும் எச் அண்ட் ஆர் பிளாக். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

கென் 67,600. ஜேம்ஸ் 33,692. பிராட் 23,467. இனி கென்னுக்கு ஒன்று போதும். அடுத்தது செவ்வாய்க்கிழமைதான்.

ஜனவரி 12, ஞாயிறு

கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க எடிசன் போய்வந்தோம். கார் முழுக்க பிராட் ரட்டர் பற்றித்தான் பேச்சு. "இந்த மூணாவது ஆளை ஏம்மா சேர்த்தாங்க?" என்று மாமா கேட்டுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

பிராட் வந்தது 2000இல். அப்போதைய விதிப்படி ஐந்து ஆட்டம் ஜெயித்தால் சாம்பியனை வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்தையும் ஜெயித்தார், அனுப்பிவிட்டார்கள். அந்த வரம்பை 2003இல்தான் எடுத்தார்கள். அதனால்தான் கென் 74 வரை போக முடிந்தது. பிராடை விட்டிருந்தால் எங்கே போய் நின்றிருப்பாரோ! ஆனால் அதன்பிறகு சாம்பியன்களுக்கென்று நடந்த பெரிய போட்டிகளுக்கு வந்தபோதெல்லாம் ஜெயித்தார். 2005இல் கென்னையே தோற்கடித்தார், 2014இல் மறுபடியும். 2011இல் வாட்சன் என்ற ஐபிஎம் கணினி அவரையும் கென்னையும் சேர்த்து வென்றது. மனிதர்களிடம் மட்டும் இந்த வாரம் வரைக்கும் அவர் ஒரு போட்டியில்கூடத் தோற்றதில்லை. 45 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவர்.

இந்த வாரம் அவருக்கு எதுவும் கைகூடவில்லை. டெய்லி டபுள் கிடைக்காமல் இல்லை. துணிந்து கட்டுகிறார், விடை தவறிப்போகிறது, பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏறுகிறார். அப்படி இருந்தும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மாமா நோட்டில் பிராட் பெயரின் கீழ் ஒரு கோடு போட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், போகி

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் கென் 65,600, ஜேம்ஸ் 34,181. இரண்டாவதில் ஜேம்ஸ் பிடித்துவிட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும், அதைப் பார்க்கும் முன்பே ஒவ்வொருவரும் கையில் இருப்பதில் எவ்வளவு என்று கட்டிவிட்டு, பிறகு விடையை எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்கு முன்னால் ஜேம்ஸ் 44,000, கென் 23,000. கேள்வி ஷேக்ஸ்பியர்: துன்பியல் நாடகங்களில், தலைப்பில் பெயர் வராத பாத்திரங்களிலேயே அதிகமாக, 272 முறை பேசுபவர் யார்?

முப்பது விநாடி இசை. கென் இயாகோ என்று எழுதியிருந்தார். சரியான விடை. ஆனால் கட்டியது பூஜ்யம்! என் வயிற்றில் புளி கரைத்தது. பாவி மனுஷா, ஏன் எதுவும் கட்டவில்லை?

ஜேம்ஸ் ஹொரேஷியோ என்று எழுதியிருந்தார். 44,000ஐயும் கட்டியிருந்தார். எல்லாம் போய், முந்திய ஆட்டத்து 34,181 மட்டும் மிச்சம். கென் 88,600. பிராட் 1,400. கென் ஜெயித்துவிட்டார்.

மகள் சோபாவில் குதிக்கிறாள், நான் அழுகிறேன், மாமா மட்டும் பேனாவை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாரும்மா. ஜேம்ஸ் எல்லாத்தையும் கட்டி சரியாச் சொல்லியிருந்தா 88,000. முன்னாடி இருந்த 34,181ஐக் கூட்டினா 1,22,181. உன் ஆளு தன்னோட 23,000ஐயும் கட்டி ஜெயிச்சிருந்தாலும் 1,11,600தான். எட்டாது. அவன் தப்பாச் சொன்னா, இவன் ஒண்ணும் கட்டாமலே போதும். அதான் சும்மா இருந்தான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருடமாகக் கென்னை எவ்வளவு தெரிந்தவர் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து லட்சம் டாலர் முன்னால் இருக்கும்போது, கட்டாமல் நிற்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

அலெக்ஸ் ட்ரெபெக் பக்கத்தில் நின்று கோப்பையைக் கொடுத்தார். 1984இலிருந்து நடத்துகிறார். போன மார்ச்சில் கணையப் புற்றுநோய், நான்காம் கட்டம் என்று அவரே அறிவித்தார். நவம்பரில் துருவ் கௌர் என்ற கல்லூரிப் பையன் கடைசிக் கேள்விக்கு விடை எழுதாமல் "உங்களை நேசிக்கிறோம், அலெக்ஸ்" என்று எழுதி, ஐந்து டாலரை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டான். அதைப் படிக்கும்போது அலெக்ஸுக்குக் குரல் உடைந்தது. இன்று குரல் திடமாக இருந்தது. அது எனக்குப் போதும்.

ஜனவரி 15, புதன், பொங்கல்

காலையில் பால் பொங்கியது. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு.

மாமா நான்கு இரவுகளையும் கூட்டி வைத்திருக்கிறார். கென் 2,77,000. ஜேம்ஸ் 2,13,487. பிராட் 49,667. பிராட் பெயரின் கீழே போட்ட கோட்டுக்கு அடியில், சின்ன எழுத்தில், "2000, ஐந்து ஆட்டம், தோல்வி இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

ஏழு மணிக்கு வழக்கமான ஆட்டம் இருக்கிறது. மாமா நோட்டில் புதுப் பக்கம் திருப்பிவிட்டார்.