ரேஸ் பக்கம் பார்த்தவனின் டிக் பிரான்சிஸ்

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் விளையாட்டுப் பக்கம் பார்த்த காலத்தில், சனி ஞாயிறு வந்தால் எனக்குக் குதிரைதான் வேலை. சுங்கை பீசி பந்தயத் திடலிலிருந்து முடிவுகள் வரும். குதிரைப் பெயரைத் தமிழில் எழுதி, ஜாக்கி யார், பந்தயம் கட்டியவர்களுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தது என்று சரிபார்த்து, பக்கம் மூடுவதற்குள் கொடுத்த இடத்தில் அடக்கியாக வேண்டும். அங்கிருந்த மூத்த துணையாசிரியர் ஒருவர்தான் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் டிக் பிரான்சிஸின் நாவல்களைக் கையில் கொடுத்தார். "ஜாக்கியா இருந்தவருப்பா, குதிரையப் பத்தி எழுத வராதா?" என்பார்.

எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. 1953-54 பருவத்தில் பிரிட்டனின் சாம்பியன் ஜாக்கி, உண்மைதான். 1956இல் வேலி தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் பிரிட்டிஷ் ராணியின் தாயாருடைய டெவன் லாக் குதிரையில் முன்னணியில் வந்து, எல்லைக்கோடு கண்ணெதிரே இருக்க, தாண்ட வேலி எதுவும் இல்லாத வெறும் தரையில் குதிரை வயிறு பட விழுந்ததும் (ஏன் விழுந்தது என்பதற்கு இன்றைக்கும் உறுதியான பதில் கிடையாது) அவருக்கு நடந்ததுதான். ஆனால் எத்தனையோ ஜாக்கிகள் விழுந்திருக்கிறார்கள், எல்லாரும் நாவலா எழுதினார்கள்? 1957இல் ஓய்வு பெற்றதும் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் பந்தய நிருபராகச் சேர்ந்து 16 வருடம் இருந்தார். முதல் நாவல் 1962இல்தான் வந்தது. அந்த வெட்டு வெட்டான வாக்கியம், முதல் பக்கத்திலேயே ஆளைப் பிடித்து உள்ளே இழுப்பது, இதெல்லாம் வாராவாரம் இடத்தை அளந்து எழுதிய கைக்கு வரும் பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. ரேஸ் பக்கம் பார்க்கிறவன் காதில் விழுவதில் பாதியை அச்சில் போட முடியாது. ஜாக்கி வேண்டுமென்றே குதிரையை ஜெயிக்க விடாமல் பிடித்து ஓட்டினான், ஊசி போட்டார்கள் என்று ஆள் பெயரோடு சொல்வார்கள். போட்டால் மறுநாள் வக்கீல் நோட்டீஸ். நாவலில் அந்தத் தொல்லை இல்லை, அவர் கதைகளில் ஊக்கமருந்தும் பந்தய மோசடியும் மிரட்டலும் தாராளமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

மனைவி மேரியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கதைக்காக விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டவர், பிரதியைத் திருத்துவதிலும் அவருடைய கை இருந்தது. அட்டையில் கணவர் பெயர் மட்டும்தான். துணையாசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

பின்னாளில் மகன் பெலிக்ஸுடன் சேர்ந்து எழுதியவை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பத்திரிகையில் இருந்துகொண்டே 60களில் எழுதினாரே, அவற்றைத்தான் இன்னும் எடுத்துப் படிக்கிறேன்.