வெளுத்துட்டியேன்னு சந்தோஷப்பட்டாங்க, எனக்கு எலும்பு வலி

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்துல நான் வெளுத்துட்டேன். வெயிலே படாம இருந்தா எந்தத் தோலும் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும், அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. ஆனா வீடியோ கால்ல அதைப் பார்த்து பெரியம்மா பட்ட சந்தோஷம் இருக்கே, நான் வாங்கின மார்க்குக்கோ கிடைச்ச வேலைக்கோ அவங்க அப்படி சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்ல. "அந்த ஊரு உனக்கு ஒத்துக்கிச்சுடி, முகமே தெளிஞ்சுடுச்சு"ன்னாங்க. பக்கத்துல இருந்த அத்தை எட்டிப் பார்த்துட்டு "ஆமா, ஒரு கலர் கூடிட்டா"ன்னாங்க. அதே மாசம் எனக்கு படி ஏறினா தொடை வலி, இடுப்புல விடாம ஒரு நோவு, ராத்திரி படுத்தா காலை எங்க வைக்கறதுன்னு தெரியாது. குளிருக்குத்தான் இப்படி இருக்கு போலன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஜிபிகிட்ட, அதாவது இங்க முதல்ல பார்க்கற குடும்ப டாக்டர்கிட்ட, போனப்ப பிளட் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, வைட்டமின் டி ரொம்பக் கம்மி. ரிசல்ட் வந்த அன்னைக்குதான் ரெண்டும் ஒரே காரணத்தால வந்ததுன்னு எனக்கு உறைச்சுது. வெயில் இல்லாததால தோல் வெளுத்துச்சு, அதே வெயில் இல்லாததால எலும்புக்கு வேண்டியது கிடைக்கல. எல்லாரும் கொண்டாடின அந்த "ஒரு கலர்" என் உடம்பு பட்டினி கெடந்ததோட அடையாளம். ரொம்ப நேரம் அழுதேன். வலிக்காக இல்ல, இத்தனை வருஷமா என் தோலை எல்லாரும் என்ன பண்ண வெச்சாங்கன்னு நெனச்சு.

விஷயம் இதுதான். வெயில்ல இருக்கற யுவிபிங்கற புற ஊதாக் கதிர் தோல்ல பட்டாதான் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும். இங்க அக்டோபர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் சூரியன் ரொம்பத் தாழ்வா போறதால அந்தக் கதிர் போதுமான அளவு கீழ வந்து சேர்றதில்ல, வெளிய பளிச்சுன்னு வெளிச்சம் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. கோடையிலயும் நம்ம தோல்ல இருக்கற மெலனின் அந்தக் கதிரை உறிஞ்சிக்கறதால, வெள்ளைத்தோல் காரங்களை விட நாம அதிக நேரம் வெயில்ல இருந்தாதான் அதே அளவு கிடைக்கும். அதனாலதான் இங்க அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ் எல்லாரையும் இலையுதிர், குளிர் மாசங்கள்ல தினம் 10 மைக்ரோகிராம், அதாவது மாத்திரை டப்பால போடற கணக்குல 400 ஐயூ, வைட்டமின் டி எடுக்கறதைப் பத்தி யோசிக்கச் சொல்லுது, தெற்காசிய, ஆப்பிரிக்க, கரீபியன் பின்னணி உள்ளவங்களை வருஷம் பூராவும் யோசிக்கச் சொல்லுது. ஏற்கனவே குறைவா இருந்தா டாக்டர் வேற டோஸ் தருவாங்க. நாமளா ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, ஜாஸ்தியானாலும் கெடுதல்தான்.

அதுக்கப்புறம் தோலைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். நிறத்தை உண்டாக்கற செல்லுங்க, மெலனோசைட்னு சொல்றாங்க, அது கருப்பா இருக்கறவங்களுக்கும் வெள்ளையா இருக்கறவங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான், அது எவ்வளவு, எந்த வகை மெலனின் தயாரிக்குது, அதை எப்படிப் பரப்புதுங்கறதுலதான் வித்தியாசம். தோல் நிறம் எப்படி உருவாச்சுன்னு ஆராயற நினா ஜப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ல ஒரு விளக்கம் எழுதினாங்க, வெயில் கொளுத்தற இடங்கள்ல வாழ்ந்த மனுஷங்களுக்கு கருந்தோல் உடம்புல இருக்கற ஃபோலேட் சத்து வெயில்ல அழியாம காப்பாத்துச்சு, கர்ப்பத்துல குழந்தை ஒழுங்கா வளர அந்த ஃபோலேட் ரொம்ப முக்கியம்னு. இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. வெயில்ல விளையாடாத கருத்துடுவ, அந்த டிரஸ் உன் கலருக்கு எடுக்காது, இந்த க்ரீம் போடுன்னு கேட்டு வளர்ந்தவ நான். எத்தனையோ தலைமுறை அம்மாக்களையும் அவங்க வயித்துல இருந்த குழந்தைங்களையும் காப்பாத்தியிருக்கக் கூடிய ஒரு தோலை சரிபண்ண வேண்டிய பொருள் மாதிரி எல்லாரும் நடத்தியிருக்கோம்.

இங்க யாரும் என் நிறத்தைப் பத்தி முகத்துக்கு நேரா எதுவும் சொல்றதில்ல, அது ஒரு விதத்துல நிம்மதிதான், ஆனா யாரும் சொல்லலைன்னா மட்டும் உள்ள இருக்கற பழைய குரல் அடங்கிடாது. ஹீட்டிங் போட்ட வீட்ல தோல் வறண்டு முட்டி, கணுக்கால் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும், முதல்ல அதை அசிங்கம்னு நெனச்சு மறைச்சுட்டே இருந்தேன், இப்ப குளிச்ச உடனே ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவறேன், அவ்வளவுதான் அதுக்கு வேண்டியது.

நிறத்தை விட கஷ்டமா இருந்தது எடை விஷயம். இங்கிலாந்துல 40ல இருந்து 74 வயசு வரைக்கும், பெரிய நோய் ஏதும் ஏற்கனவே இல்லாதவங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை என்எச்எஸ் ஹெல்த் செக் உண்டு. எனக்கும் அழைப்பு வந்துச்சு, போனேன். நர்ஸ் டேப்பை இடுப்பைச் சுத்தி வெச்ச உடனே நான் வயித்தை உள்ள இழுத்துக்கிட்டேன், யோசிச்சு இல்ல, போட்டோ எடுக்கும்போதும் கண்ணாடி முன்னாடியும் என் வயிறு தானா செய்யற வேலை அது. அவங்க டேப்பை இறுக்கல. கையைத் தளர்த்துங்க, சாதாரணமா மூச்சு விடுங்கன்னு சொல்லிட்டு அப்படியே காத்துட்டு இருந்தாங்க. நான் மூச்சை விட்டேன், வயிறு முன்னாடி வந்துச்சு, டேப் கொஞ்சம் நகர்ந்துச்சு, அவங்க நம்பரை எழுதிக்கிட்டாங்க. முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. என் வயித்தை ஒருத்தர் முன்னாடி அது இருக்கற மாதிரியே விட்டது அன்னைக்குதான்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 24 சொச்சம் வந்துச்சு. சாதாரண சார்ட்ல 25க்குக் கீழ நார்மல், நான் மூச்சு விடறதுக்குள்ள நர்ஸ் சொன்னாங்க, உங்க பின்னணிக்கு 23ல இருந்தே கவனிக்கணும்னு. முதல்ல கோவம்தான் வந்துச்சு, அளவுகோல்லயும் எங்களுக்குன்னு தனியா ஒரு கண்டிஷனான்னு. அப்புறம் காரணம் தெரிஞ்சப்ப கோவம் திசை மாறிடுச்சு. இந்தக் கணக்கை 1830கள்ல போட்டது அடால்ஃப் கெட்லேங்கற பெல்ஜியம் கணித அறிஞர், அவரு சராசரி மனுஷன்னா யாருன்னு தேடினாரு, ஒரு ஆளோட ஆரோக்கியத்தை அளக்க இல்ல. பிஎம்ஐங்கற பேரே 1972லதான் ஆன்செல் கீஸ்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெச்சது. தெற்காசியர்களுக்கு அதே எடையில கொழுப்பு அதிகமாவும், குறிப்பா வயித்துப் பக்கம், தசை கம்மியாவும் இருக்கும், சர்க்கரை நோய் கம்மி எடையிலயே வந்துடும், அதனால 2004ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5னு கவனிக்க வேண்டிய எல்லைகளைச் சொல்லுச்சு, இங்க மருத்துவ வழிகாட்டுதல் போடற நைஸ் அமைப்பு 2013ல அதே எண்களை எடுத்துக்கிச்சு. அதாவது பொதுவான சார்ட் போட்டப்ப என் மாதிரி உடம்பு கணக்குலயே இல்ல, இந்த 23தான் என் உடம்பையும் பார்த்து போட்ட நம்பர்.

உடம்பை அப்படியே ஏத்துக்கிட்டா அக்கறை போயிடும்னு நிறைய பேர் சொல்றாங்க. நான் பார்த்தது நேர் எதிர். உடம்பைப் பிடிக்காம இருந்த காலத்துலதான் எடை மெஷின் பக்கமே போக மாட்டேன், டெஸ்ட் எழுதிக் குடுத்தா தள்ளிப் போடுவேன், ஏன்னா வர்ற நம்பர் எல்லாம் தீர்ப்பு மாதிரி இருக்கும். இப்ப அது தகவல். சர்க்கரை டெஸ்ட் எடுத்தேன், பரவால்ல. தசை கூடணும்னு வாரத்துல ரெண்டு மூணு நாள் எடை தூக்கறேன், இளைக்கறதுக்காக இல்ல, மாடிப்படி மறுபடி சுலபமா ஏற முடியுதுங்கறதே எனக்குப் போதுமான சந்தோஷம்.

பெரியம்மாகிட்ட பேசிட்டேன். அவங்களை குத்தம் சொல்ல மனசு வரல, அவங்களுக்கும் இதே வார்த்தைங்கதான் சின்ன வயசுல கிடைச்சிருக்கும். "பெரியம்மா, வெளுத்தது நல்லதுக்கு இல்ல, வெயில் இல்லாம எலும்பு வலி வந்துடுச்சு, இனிமே கலரைக் கேக்காதீங்க, கால் வலி எப்படி இருக்குன்னு கேளுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா"ன்னு கேட்டாங்க. அப்ப என் பொண்ணு பக்கத்து சோபால இருந்தா, அவளுக்கு பன்னெண்டு வயசு, என்னை மாதிரியே நிறம். வீடியோ கால் வந்தா கேமராவுக்கு வெளிய நகர்ந்துக்கற பழக்கம் அவளுக்கு எப்போ வந்துச்சுன்னு எனக்குத் தெரியல, அது என்னை ரொம்ப உறுத்துது. அவ முன்னாடி என் உடம்பைப் பத்தி நானே மட்டமா ஒரு வார்த்தை பேசறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கேன், கண்ணாடி முன்னாடி முணுமுணுக்கறது உட்பட.

நிறம் விஷயத்துல எனக்கு மனசு சமாதானம் ஆயிடுச்சு. வயிறு விஷயத்துல இன்னும் ஆகல, போட்டோ எடுக்கும்போது இப்பவும் உள்ள இழுத்துக்கறேன், சில நேரம் ஞாபகம் வந்து விடறேன், சில நேரம் வர்றதில்ல. புதுசா இங்க வர்றவங்க வலி, சோர்வுன்னு இருந்தா குளிர்னு விட்டுடாம டெஸ்ட் கேளுங்க, ஹெல்த் செக்ல உங்க பின்னணியைச் சொல்லி உங்களுக்கான எல்லை எதுன்னு கேளுங்க, டேப் வைக்கும்போது மூச்சை விட்டுடுங்க.