நன்னரெல்லாவும் எங்கள் நாடக சேரும்

எங்கள் சங்கம் வெளியிடும் மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தரக் கேட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓர் இத்தாலிய நடிகை. எங்களுக்கு நாடகம் பழக்கிய சேர்தான் காரணம்.

சோகமான வேடம் என்றால், வகுப்பில் அதிகம் பகிடி விடுகிறவனுக்கே கொடுப்பார். ஏன் என்றால், "அன்னா மன்யானியைப் பாருங்கோடா" என்பார். எங்கே பார்ப்பது? கொழும்பில் படம் பார்த்தவர் அவர் மட்டும்தான்.

நான் பார்த்தது இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்தபிறகு, ஒரு வயதான அம்மாவைப் பராமரித்த வீட்டில், தொலைக்காட்சியில். அந்த அம்மாவுக்கு அவர் 'நன்னரெல்லா'. இத்தாலியர் மன்யானியைச் செல்லமாக அழைக்கும் பெயர்.

1908இல் ரோமில் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர். நடிப்புப் பள்ளியில் படித்தார். ஆனால் போர்க்காலத்தில் கூட்டம் சேர்த்தது, டோட்டோ என்ற சிரிப்பு நடிகரோடு போட்ட பாட்டும் பகிடியுமான மேடைக் காட்சிகள். அப்படிப்பட்டவருக்குத்தான் இயக்குநர் ரொசெலினி 1945இல் 'ரோம், திறந்த நகரம்' படத்தில் பீனா வேடத்தைக் கொடுத்தார். கல்யாண நாளன்று மாப்பிள்ளையை ஜெர்மன்காரர் லொறியில் ஏற்றிப் போகிறார்கள். பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறாள், சுட்டுவிடுகிறார்கள். முந்தின வருடம் ரோமில் தெரெசா குல்லாச்சே என்ற கர்ப்பிணி சுடப்பட்ட சம்பவம்தான் இதற்கு அடி. படத்தில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்புதான் ஒரு கிழவரைச் சட்டியால் அடித்து மயக்குகிற கூத்து! சிரித்த வாய் மூடுமுன் அவள் தெருவில் கிடக்கிறாள். சேர் சொன்னது அப்போதுதான் பிடிபட்டது.

இவருடைய காதலராக இருந்து பிரிந்த ரொசெலினியும் நடிகை இங்கிரிட் பேர்க்மனும் ஸ்ட்ரொம்போலித் தீவில் படமெடுக்க, இவர் பக்கத்து வூல்கானோவில் போட்டிப் படம் நடித்த கதையை அந்த அம்மா நாள்முழுக்கச் சொல்வார். எனக்கு அந்த வம்பில் அக்கறையில்லை. அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் இவருக்காகவே எழுதிய 'த ரோஸ் டாட்டூ' நாடகத்தை, ஆங்கிலம் போதாது என்று மேடையில் நடிக்க மறுத்தார். பிறகு அதையே படத்தில் நடித்து 1956இல் ஒஸ்கார் வாங்கினார். 1965இல், சிசிலி எழுத்தாளர் வேர்காவின் 'ஓநாய்' நாடகத்துக்காக மறுபடி மேடையேறினார். 1973இல் ரோமிலேயே காலமானார்.

சங்கம் இந்த வருடம் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறதாம். அவர்களுக்கு முதலில் இயக்குநர் விஸ்கொந்தியின் 'பெலிசிமா' படத்தைப் போட்டுக் காட்டுங்கள். மகளைச் சினிமாவில் சேர்க்கத் துடிக்கிற தாயாக மன்யானி வருகிறார். பிள்ளையின் சோதனைக் காட்சியைப் பார்த்து ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரிக்க, அதை ஒளிந்து நின்று பார்க்கிற இடத்தில் மட்டும் யாரும் பேசவேண்டாம்.