அப்பாவின் நாணய டப்பாவுக்கு விலை கேட்டுப் போனேன்

அப்பா காலமான பிறகு பீரோவை ஒழித்தபோது, வேட்டிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே வெள்ளி நாணயங்கள் சில. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த நாணயத் தொகுப்பு ஒன்று, உறை பிரிக்காமல். அக்காவும் நானும் பங்கு பிரிக்கணும், அதனால் விலை தெரிந்தே ஆகவேண்டும்.

எடுத்த எடுப்பில் ஒரு தப்பு செய்தேன். காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் இரண்டு இருந்தன. ஒன்று கறுத்திருந்தது. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. நாணயக் கடைப் பெரியவர் லென்ஸில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தேய்ச்சுட்டீங்களே தம்பி, இனி இது எடைக்குத்தான் போகும்" என்றார். விளக்கடியில் சாய்த்துக் காட்டினார். காந்தியின் கன்னத்தில் மயிரிழைக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக. தேய்க்காததைச் சாய்த்தபோது வெளிச்சம் சக்கரம்போலச் சுழன்று வந்தது. அந்த ஒளி ஓட்டம் போனால் திரும்பாது. அன்று மனசு ரொம்ப வலித்தது.

அந்தக் காந்தி நாணயத்தில் 1869–1948 என்றுதான் இருக்கும். 1948-ல் வந்தது என்றே நினைத்திருந்தேன், வந்தது 1969-ல்.

பிறகு எடைக் கணக்கு. காந்தி பத்து ரூபாய் 15 கிராம், 80% வெள்ளி. அதாவது 12 கிராம். ஆசிய விளையாட்டுத் தொகுப்பில் உள்ள 100 ரூபாய் 35 கிராம், ஆனால் பாதிதான் வெள்ளி: பதினேழரை கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது அடிவிலை. நகைக்கடையில் உருக்கும்போது குறையும் எடைக்கென்று கழித்து, அதற்கும் கீழே கேட்டார்கள். கொடுக்கவில்லை.

சேகரிப்பாளர் விலை வேறு கணக்கு. எந்த நாணயச்சாலையில் அச்சடித்தது என்று பார்ப்பார்கள். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. சில ஆண்டுகளில் இந்தச் சின்னக் குறியே விலையை மாற்றிவிடும். தொகுப்பு என்றால் சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிபோலப் பளபளக்க அச்சிட்ட புரூஃபா, சாதா அச்சா என்று பார்ப்பார்கள். பெட்டியும் உறையும் கூடவே இருக்கணும். அப்பா உறையைப் பிரிக்காமல் வைத்திருந்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

விளம்பரத்தில் போடும் விலையை நம்பவே நம்பாதீர்கள். ஏலத்தில் விற்றுமுடிந்த விலையை மட்டும் பாருங்கள். வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சம் தருவதாக எனக்கே போன் வந்தது, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டணுமாம். ரிசர்வ் வங்கி தன் பெயரில் இப்படிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021-லேயே எச்சரித்திருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

மூன்று கடைகளில் விலை கேட்டு, அதிகம் சொன்ன பெரியவரிடமே தொகுப்பைக் கொடுத்தோம். தஞ்சைப் பெரியகோவில் ஆயிரமாவது ஆண்டுக்கு (2010) வந்த 1000 ரூபாய் நாணயத்தை மட்டும் அக்கா விற்க விடவில்லை. 28 கிராம் வெள்ளி அதில். அதன் விலையைத் தன் பங்கில் கழித்துக்கொண்டு எடுத்துப் போனாள்.